வளர்ப்பில் இலைவெட்டி எறும்புகள்: எந்த இலை, எவ்வளவு, ஏன் திடீரென்று மறுக்கின்றன?

இலைவெட்டி எறும்பு வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. பெட்டியில் வளரும் இலைவெட்டி எறும்புகளுக்கு எந்த இலையை எவ்வளவு கொடுப்பது? போன வாரம் வரை போட்டி போட்டு வெட்டிய செடியை இப்போது ஏன் தொட மறுக்கின்றன? இலை தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தும், கூட்டுக்குள் எறும்புகள் வளர்க்கும் பூஞ்சை ஏன் சுருங்குகிறது? மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. இலையைத் தின்பது எறும்பு கிடையாது, பூஞ்சை. எறும்பு ஆசையாக வெட்டுகிறது என்பதை மட்டும் பார்த்து இலை போடுகிறவர்களுக்குப் பூஞ்சையின் நிலை தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

வெட்டிய இலைக்கு என்ன ஆகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வேலைக்கார எறும்பு இலையின் ஓரத்தில் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு, அதையே மையமாக வைத்து உடலைச் சுழற்றியபடி வெட்டுகிறது. வெட்டிய துண்டு பிறை வடிவில் வருவதும், பெரிய எறும்பு பெரிய துண்டாக எடுப்பதும் அதனால்தான். வெட்டும்போதே வெட்டுவாயில் கசியும் சாற்றை நக்கிக் குடித்துவிடும். துண்டு கூட்டுக்குள் போனதும் வேறு எறும்புகள் அதை வாங்கி, மேற்பரப்பை நக்கிச் சுத்தம் செய்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கி, ஓரங்களை மென்று கூழாக்கி, மேலே ஒரு துளி மலநீரை வைத்து, பூஞ்சைத் தோட்டத்தின் மேல்பகுதியில் செருகுகின்றன. அதன் மேல் மிகச் சிறிய எறும்புகள் பழைய பூஞ்சையிலிருந்து இழைகளைப் பிடுங்கி நடுகின்றன. அந்த மலத்துளியை வெறும் கழிவு என்று நினைக்க வேண்டாம். லூக்கோஅகாரிகஸ் கோங்கிலோஃபோரஸ் என்ற இந்தப் பூஞ்சை, கோங்கிலிடியா எனப்படும் சத்து நிறைந்த குமிழ்களை உண்டாக்குகிறது. எறும்பு அவற்றைத் தின்றாலும் அவற்றிலுள்ள நொதிகள் செரிக்காமல் மலத்தோடு வெளியேறி, புது இலையைச் சிதைக்கத் தொடங்கிவிடுகின்றன.

எறும்பின் குஞ்சுகளான புழுக்களுக்குப் பூஞ்சைதான் முழு உணவு. வளர்ந்த வேலைக்கார எறும்புகளின் கதை வேறு. அட்டா செபலோட்ஸ் இனத்தை வைத்துச் செய்து 1979இல் வெளியான ஆய்வில், வேலைக்கார எறும்புகளின் ஆற்றல் தேவையில் சுமார் 5 சதவீதம்தான் பூஞ்சையிலிருந்து கிடைக்கிறது என்று தெரிந்தது. மீதிக்கு இலைச்சாறுதான் முக்கிய ஆதாரம். ஆகவே காய்ந்த ஓட்ஸையும் உலர்ந்த இலையையும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பூஞ்சை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் மேயப்போகும் எறும்புகள் சோர்ந்துவிடும். சாறுள்ள ஏதாவது ஒன்று எப்போதும் வேண்டும். செத்த பூச்சி, இறைச்சித் துணுக்கு எதுவும் தேவையில்லை. மற்ற எறும்பு வளர்த்த பழக்கத்தில் சிலர் போடுகிறார்கள், அது மேய்ச்சல் பெட்டியில் (எறும்புகள் வந்து இலை வெட்டும் பெட்டி) கிடந்து அழுகுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

உங்களிடம் இருப்பது எந்த இனம் என்பது அடுத்த கேள்வி. அட்டா செபலோட்ஸ், அட்டா செக்ஸ்டென்ஸ், அக்ரோமிர்மெக்ஸ் ஆக்டோஸ்பைனோசஸ் ஆகியவை அகன்ற இலை வெட்டுபவை. அட்டா வோலன்வைடெரி, அட்டா கேபிகுவாரா போன்றவை புல் வெட்டுபவை. புல்வெட்டிக்கு ரோஜா இலையைக் கொடுத்துவிட்டு எறும்புக்குப் பசியில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொன்று, இவை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அங்கேயே இவை பெரிய பயிர்ப் பூச்சிகள் என்பதால், பல நாடுகளில் இறக்குமதிக்கும் வளர்ப்புக்கும் தாவரப் பாதுகாப்புத் துறையின் அனுமதி தேவை. அதை முடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம்.

வளர்ப்பில் நம்பகமாக ஓடுகிற செடிகள் சில உண்டு: ரோஜா, பிளாக்பெர்ரி வகை முட்கொடிகள், பிரைவெட் எனப்படும் லிகஸ்ட்ரம் வேலிச்செடி, செம்பருத்தி, ஆப்பிள் இலை. பிரேசில் ஆய்வகங்களில் குப்பைமேனியின் உறவான அகாலிஃபா வில்கேசியானா என்ற அழகுச்செடியின் இலையை வழக்கமாகக் கொடுக்கிறார்கள். முட்கொடியும் பிரைவெட்டும் குளிர்காலத்திலும் ஓரளவு இலை தாங்குவதால் குளிர் நாடுகளில் வளர்ப்பவர்கள் அவற்றை நம்பியே இருக்கிறார்கள். எது கிடைத்தாலும் குறைந்தது மூன்று செடிகளை வாரம் முழுக்க மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே செடியில் பழகிய கூடு, அந்தச் செடி கிடைக்காத நாளில் வேறெதையும் எடுக்கத் தயங்கும்.

இலையின் வயதும் முக்கியம். முற்றித் தோல்போல ஆன இலையைப் பெரிய எறும்புகளால் மட்டுமே வெட்ட முடியும். நுனிக்குச் சற்றுக் கீழே, முழுதாக விரிந்தும் இன்னும் வளையும் பதத்தில் இருக்கும் இலைதான் சரி. மாவுப்பூசணம், துரு நோய்ப் புள்ளி உள்ள இலைகளை ஒதுக்கிவிடுங்கள். அந்நியப் பூஞ்சையை நாமே கையில் எடுத்துக் கொடுத்தது போல் ஆகும். உள்ளே அதை நக்கிச் சுத்தம் செய்யவே எறும்புகளுக்கு நேரம் போய்விடும்.

பால் வடியும் செடிகள் வேண்டாம். எருக்கு, கள்ளி, அரளி, ஆல வகைகள் எல்லாம் இதில் அடங்கும். பால் தாடையில் ஒட்டி இறுகிவிடும். எள் இலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எறும்புகள் அதைத் தயங்காமல் தூக்கிக்கொண்டு போகும், ஆனால் அது பூஞ்சையையும் எறும்பையும் சேர்த்துக் கெடுக்கும். தென் அமெரிக்காவில் இலைவெட்டி எறும்பை ஒழிக்கவே எள்ளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆமணக்கு, வேம்பு, வாள் அவரை ஆகியவையும் அதே பட்டியலில் வருபவை.

ஆரஞ்சுத் தோல் இதைவிட நயமான பொறி. சிட்ரஸ் மணம் இந்த எறும்புகளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால் விஷத் தீனிக் குருணைகளையே ஆரஞ்சுச் சக்கையில்தான் செய்கிறார்கள். தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியைக் கொடுத்தால் கூடு முழுக்கத் திரண்டு வரும். ஆனால் விற்பனைக்கு வரும் சிட்ரஸ் பழங்களுக்கு அறுவடைக்குப் பின் இமசாலில், தையாபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைப் பூசுவது உலகெங்கும் வழக்கம். எறும்புக்கு ஒன்றும் ஆகாது, பூஞ்சைதான் போகும். மருந்தடிக்காத மரத்துப் பழம் என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடுங்கள். ஆப்பிள் துண்டையும் தோல் சீவிக் கொடுப்பதே நல்லது. ஓட்ஸ் அவல் அவசரத்துக்கு ஒரு சிட்டிகை போதும். அதிகம் போட்டால் ஈரம் கண்டு பச்சைப் பூசணம் பிடிக்கும்.

பூச்சிமருந்து பற்றி: கடையில் வாங்கிய பூங்கொத்து வேண்டவே வேண்டாம். நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த தொட்டிச் செடியிலும் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து இருக்கக்கூடும். அது வேர் வழியாக ஏறி இலைச் சாற்றிலேயே கலந்திருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது, மாதக்கணக்கில் தங்கும். புதுச் செடியை ஒரு பருவம் முழுக்க வளர்த்து, பிறகு வந்த கொழுந்திலிருந்து தொடங்குவதுதான் ஓரளவு பாதுகாப்பு. கழுவுவது தூசி, அசுவினி, செம்பேன் போகத்தான்: பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, அலசி, நீர் வடிந்து மேற்பரப்பு காய்ந்த பிறகு கொடுங்கள்.

இனி அந்தத் திடீர் மறுப்பு. இந்த எறும்புகளின் பழக்கங்களில் வளர்ப்பவருக்கு மிகவும் பயன்படுவது இதுதான், மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பூஞ்சைக்கு ஆகாத பொருள் இலையில் இருந்தாலும் வெட்டும் எறும்புக்கு அது உடனே தெரிவதில்லை. இலை தோட்டத்தில் செருகப்பட்டு, அந்த இடத்தில் பூஞ்சை வாடத் தொடங்கிய பிறகுதான், தோட்டத்திலிருந்து வரும் ஏதோ ஒரு குறிப்பால் எறும்புகள் அந்தச் செடியின் மணத்தைக் கெட்டது என்று கற்றுக்கொள்கின்றன. இதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளும் ஆகும். அதன் பிறகு மேய்ச்சலில் அந்தச் செடியைக் கண்டாலே விட்டுவிடும். ஆய்வகத்தில் இதைச் சோதிக்க, எறும்புக்குத் தெரியாத அளவில் சைக்ளோஹெக்ஸிமைடு என்ற பூஞ்சைக்கொல்லியை இலையில் ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் நாள் வெட்டிய கூடு அடுத்த நாள் மறுத்தது. மருந்தில்லாத அதே செடியின் இலையைக் கொடுத்தபோதும் மறுத்தது. அந்த நினைவு பல வாரங்கள் நீடித்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. வழக்கமான செடியைக் கூடு திடீரென்று ஒதுக்கினால், எறும்புக்குச் சலித்துவிட்டது என்று கொள்ளாதீர்கள். கடந்த ஓரிரு நாளில் போன இலையில் கோளாறு என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலுள்ள மிச்சத்தை எடுத்துவிட்டு, வேறு இடத்தில் பறித்த வேறு செடியைக் கொடுங்கள். ஒதுக்கிய செடியை இரண்டு மாதம் கழித்துச் சிறு துண்டாகத் திரும்ப அறிமுகம் செய்யலாம். அதற்குள் தோட்டமும் புதிதாகியிருக்கும், எறும்புகளிலும் ஒரு பகுதி புதுத் தலைமுறையாகியிருக்கும். புதுச் செடியை முதல் முறை கொடுக்கும்போது கட்டைவிரல் நகம் அளவு இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் பொறுத்து, மறுபடி கொடுத்தும் எடுத்தால் அளவைக் கூட்டலாம். முதல் நாள் ஆர்வம் எதையும் நிரூபிப்பதில்லை. எறும்பு கற்றுக்கொள்ள ஒரு நாள் ஆகும் என்பதால், அந்த ஒரு நாளில் பெட்டி நிறைய இலை இருந்தால் அவ்வளவும் உள்ளே போய்விடும்.

அளவுக்கு வரலாம். டேபிள் டென்னிஸ் பந்து அளவு பூஞ்சைக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று ரோஜா இதழ் அல்லது ஒரு மெல்லிய இலை போதும். ஒரு லிட்டர் அளவு தோட்டத்துக்கு 5 முதல் 10 கிராம் வரை பச்சை இலையில் தொடங்கலாம். எண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளாமல், 24 மணி நேரத்தில் தீருகிற அளவு எது என்று பார்த்து அதையே கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காம்பு மட்டும் மிஞ்சினால் கொஞ்சம் கூட்டலாம். மறுநாளும் வாடிக் கிடந்தால் குறைக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மேய்கிற எறும்புகளும் தோட்ட வேலை செய்கிற எறும்புகளும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. வெளியே இலை தீர்ந்துவிடும், உள்ளே பூஞ்சையின் மேல் நறுக்கப்படாத பச்சைத் துண்டுகள் குவிந்து நிற்கும். கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஆரோக்கியமான தோட்டத்தின் உச்சியில் இன்று வந்த இலை கரும்பச்சை விளிம்பாக மெல்லிசாகத்தான் தெரியும், நடுப்பகுதி சாம்பல் கலந்த வெள்ளையாகப் பஞ்சுபோல் இருக்கும், அடிப்பகுதி மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். பச்சை அடுக்கு ஒரு விரல் தடிமனுக்கு மேல் ஏறி, நாளை வரை அப்படியே இருந்தால் இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். இலைக்குவியல் புழுங்கிச் சூடேறிப் பூசணம் பிடிப்பது பட்டினியைவிட மோசம். நல்ல நிலையிலுள்ள தோட்டம் ஓரிரு நாள் இலையில்லாமல் சமாளிக்கும். வாரக்கணக்கில் விட்டால்தான் அடியிலிருந்து கரைந்து வரும்.

சிறு கூட்டுக்கு விதி வேறு. அட்டா ராணி கலவிப் பறத்தலுக்குப் போகும்போதே தாய்க்கூட்டுப் பூஞ்சையில் ஒரு சிறு உருண்டையை வாய்க்குக் கீழுள்ள பையில் எடுத்துச் செல்கிறது. முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை தன் உடற்சேமிப்பைக் கொண்டே சமாளித்து, பூஞ்சைக்குத் தன் மலத்தையே உரமாகப் போடுகிறது. அந்தக் காலத்தில் அதற்கு இலை கொடுக்க வேண்டியதில்லை, தொந்தரவும் கொடுக்கக் கூடாது. அக்ரோமிர்மெக்ஸ் ராணி அப்படியல்ல, தொடக்கத்திலிருந்தே வெளியே வந்து மேயும். அதற்கு முதல் நாளிலிருந்தே இதழ்த் துணுக்கு இருக்க வேண்டும். இரண்டிலுமே முதல் தலைமுறை எறும்புகள் மிகச் சிறியவை, அவற்றின் தாடைக்கு முற்றிய இலை வெட்டுப்படாது. ரோஜா, செம்பருத்தி இதழ்கள், பிரைவெட்டின் இளங்கொழுந்து, இவைதான் முதல் சில மாதங்களுக்கு. துண்டாகக் கிழித்துப் போட்டால் இன்னும் எளிது.

மேய்ச்சல் பெட்டி அமைப்பில் பலர் சிக்கனம் பிடிப்பது குழாயில். அட்டாவுக்கு உள்விட்டம் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும், அக்ரோமிர்மெக்ஸுக்கு 15 போதும். குறுகலாக இருந்தால் இலைத்துண்டுகள் நெருக்கி அடைத்துக்கொள்ளும். குழாய் வாயில் இலைத்துண்டுகள் குவிந்து கிடந்தால் அது அடைப்பாக இருக்கலாம், சும்மா இடைநிறுத்தமாகவும் இருக்கலாம். காட்டிலும் இவை பாதையில் துண்டை இறக்கி வைத்துவிட, வேறு எறும்பு எடுத்துப் போவது சகஜம். ஒரு மணி நேரத்தில் குவியல் கரைகிறதா என்று பாருங்கள், கரையாவிட்டால் குழாயைச் சோதியுங்கள். இலைத்துண்டின் மேல் குட்டி எறும்புகள் ஏறிச் சவாரி செய்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காட்டில் அவை, துண்டைச் சுமக்கும் எறும்பின் மேல் முட்டையிட வரும் ஃபோரிட் ஈக்களை விரட்டும். பெட்டியில் ஈ இல்லை, பழக்கம் மட்டும் தொடர்கிறது.

சுத்தம் செய்யும்போது மேய்ச்சல் பெட்டி முழுவதையும் ஒரே நாளில் ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள். எறும்புகள் நச்சுச் சுரப்பியிலிருந்து தரையில் இடும் பாதைமணமும் அதோடு போய்விடும், சில மணி நேரம் மேய்ச்சல் தடுமாறும். (எறும்புகளின் பாதைமணத்தில் வேதியியல் முறையில் முதலில் அடையாளம் காணப்பட்டது அட்டா டெக்சானாவுடையது, 1971இல். மிக நுண்ணிய அளவே போதும் என்பதுதான் அதன் பெருமை.) இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி என்று துடைத்தால் போதும். கிளையை நீரில் செருகி வைப்பதானால் பாத்திரத்தின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்புகள் உள்ளே இறங்கி மூழ்கும். பறித்த இலையை மூடிய பையில் 4 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைக்கலாம், கொடுக்கும் முன் அறை வெப்பத்துக்கு வந்து மேலே கோத்த நீர் காயட்டும்.

கழிவுக்குத் தனிப்பெட்டி கட்டாயம். அதை உலர்வாக வைத்து வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள். எஸ்கோவோப்சிஸ் என்ற, இந்தப் பூஞ்சையையே தாக்கி வாழும் இன்னொரு பூஞ்சை கழிவில் இருக்கலாம். கழிவைத் தொட்ட இடுக்கியும் கையும் அன்று பூஞ்சை அறைப் பக்கம் போகக் கூடாது. கூடு நீங்கள் ஒதுக்கிய இடத்தை விட்டு மேய்ச்சல் பெட்டியையே குப்பை மேடாக்கிக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம், தீவனத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். எறும்புகள் அவ்வளவு சுலபமாக மனம் மாறாது.

வெப்பமும் ஈரமும் சரியில்லாவிட்டால் எந்தத் தீவனமும் கைகொடுக்காது. பூஞ்சை அறை 24 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல். 30 டிகிரி தாண்டினால் பூஞ்சை தளரும், 20க்குக் கீழே எல்லாமே மந்தமாகும். மேய்ச்சல் பெட்டி அறையின் சாதாரண ஈரத்தில் இருக்கலாம். பூஞ்சையின் மேல் நேரடியாக நீர் தெளிக்காதீர்கள். அறையின் அடித்தளத்தை ஈரமாக்குங்கள். எறும்புகள் காற்றுத் துளைகளை இலைத்துண்டாலும் கழிவாலும் அடைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வறட்சி என்று அர்த்தம், அதைத் தினமும் பிய்த்தெடுப்பதால் பயனில்லை.

கழிவுப் பெட்டிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேர்மையான அறிக்கை. பழுப்பு நிறத்தில் உதிரியாக வந்தால் தீர்ந்துபோன அடிப்பகுதி, சரியான கழிவு. வெண்சாம்பல் பஞ்சுத் துண்டுகள் வந்தால் உயிருள்ள தோட்டத்தையே வெட்டி எறிகின்றன என்று பொருள். அதோடு புழுக்களும் வெளியே வந்தால் அன்றே எல்லா இலையையும் எடுத்துவிட்டு, வெப்பமானியைப் பார்த்து, மருந்தில்லை என்று உறுதியாகத் தெரிந்த இதழ்களை மட்டும் கொடுங்கள்.

தோட்டம் முழுதாகப் போய்விட்டாலும் ராணியும் கணிசமான எறும்புகளும் இருந்தால் வழி இருக்கிறது. அதே இனத்தின் வேறொரு கூட்டிலிருந்து எலுமிச்சை அளவுத் துண்டு பூஞ்சையை, அந்தக் கூட்டு எறும்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு வைக்கலாம். சொந்தப் பூஞ்சை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் கூடு அந்நியப் பூஞ்சையைப் பெரும்பாலும் பிடுங்கி எறிந்துவிடும். அதனால் செத்த தோட்டத்தின் மிச்சத்தை முழுக்க அகற்றிய பிறகே வைக்க வேண்டும். முதல் பத்து நாளைக்கு இதழும் இளங்கொழுந்தும் மட்டும், அதுவும் நகத்துண்டு அளவில். பூஞ்சையின் விளிம்பில் புது வெள்ளை இழை தெரிந்த பிறகு இலைக்குப் போகலாம்.